அருவிக்குப் போய் வந்த ரத்தம்

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துத் தர முடியுமா என்று யாராவது வந்து கேட்காத வாரம் சாஜிதாவுக்குக் கிடையாது. ஒரு தடவை சுந்தரபாண்டியபுரத்துக்காரர் ஒருவர் சூரியகாந்தி விதையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். இன்னொருவர் சொத்துத் தகராறில் இருந்தார். அண்ணன் மகனுடைய தலைமுடி போதுமா, நகமும் வேண்டுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். நான் செய்கிற வேலை வேறு என்று அவள் விளக்குவாள். அவர்கள் நம்பாத முகத்தோடு எழுந்து போவார்கள். இவளுக்குத் தெரியும், வேண்டுமென்றே சொல்ல மாட்டேன் என்கிறாள் என்பதுதான் தென்காசியின் தீர்ப்பு.

அம்மா மிஸ்ரியாவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. "எம் மவ ரத்த டெஸ்ட் எடுக்கா" என்று ஒரு வரியில் முடித்துவிடுவாள். சென்னையில் படித்து, பெங்களூரில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, ஸ்வீடனில் நாலு குளிர்காலத்தைத் தள்ளிவிட்டு வந்த மகளின் முழு வாழ்க்கையும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போகும். சாஜிதா அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள். போய்த் திருத்தலாம் என்றால், திருத்த ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஆகும்.

அந்த அரை மணி நேரத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான். உடம்பில் எங்காவது புண்ணோ கிருமியோ வந்தால் ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் அங்கே போய்ச் சேர வேண்டும். ஓடுகிற ரத்தத்தில் ஓரிடத்தில் நிற்பது லேசான காரியமில்லை. அதற்காகவே அந்த அணுக்களின் மேல்பரப்பில் கொக்கி மாதிரிச் சில ஏற்பிகள் இருக்கின்றன. கொக்கி ரத்தக்குழாயின் சுவரில் மாட்டும், விடும், திரும்ப மாட்டும். அணு உருண்டு உருண்டு வேகம் குறைந்து, கடைசியில் சுவரோடு ஒட்டி, சுவரைத் தாண்டி உள்ளே நுழையும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில வகை மூட்டுவாதத்தில், எதிரி யாருமே இல்லாத மூட்டுக்குள் இந்த அணுக்கள் கூட்டம் கூட்டமாகப் புகுந்து வீங்க வைக்கின்றன. சாஜிதா பார்க்கிற நோயாளிகளில் பாதிப் பேர் பீடி சுற்றுகிற பெண்கள். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. மடங்காத விரலை வைத்துக்கொண்டு என்னத்தைச் சுற்ற.

அந்தக் கொக்கிக்கு ஒரு மூடி போட்டுவிட்டால் அணு ஒட்டாமல் உருண்டு போய்விடும். மூடியை சாஜிதா டிஎன்ஏவால் செய்கிறாள். குட்டையான ஒற்றை இழை டிஎன்ஏ, தன்மேலேயே மடிந்து ஒரு உருவம் எடுத்துக்கொள்ளும். எழுத்துகளின் வரிசை மாறினால் உருவமும் மாறும். கோடானுகோடி வரிசைகளைக் கலந்து கொக்கியிடம் காட்டி, ஒட்டியதை மட்டும் பொறுக்கிப் பெருக்கி, மறுபடி காட்டிப் பொறுக்கி, மிஞ்சியதைக் கணினியில் வைத்து எந்த எழுத்து வேண்டும், எது வெறும் வால் என்று நறுக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்று நிற்கும். அந்த மாதிரி மூடிக்கு ஆப்டமர் என்று பெயர். அவள் கையில் நின்றதற்கு முப்பத்தெட்டு எழுத்து. ஆய்வகத்தில் எல்லாரும் அதை முப்பத்தெட்டு என்றே கூப்பிட்டார்கள். அதில் ஒரு எழுத்தை மாற்றினால்கூட மடிப்பு கலைந்துவிடும் என்பதை, மாற்றி மாற்றிப் பார்த்து மூன்று வருடத்தில் கண்டுபிடித்திருந்தாள்.

பெங்களூர் ஆய்வகத்தின் தலைவர் நாகபூஷணாவுக்கு அடுத்துத் தேவைப்பட்டது நோயாளிகளின் ரத்தம். அது எடுத்த சூட்டோடு, இரண்டு மணி நேரத்துக்குள் சோதிக்க வேண்டிய ரத்தம். தென்காசியில் மூட்டுவாத மருத்துவமனை ஒன்று சம்மதித்தது. "நீ அந்த ஊர்தானே" என்றார் நாகபூஷணா. அந்த ஒரே தகுதியின் பேரில் உலகம் சுற்றியவள் மறுபடியும் பிறந்த வீட்டு மாடியறையில், பள்ளிக்கூட நாளில் படுத்த அதே கட்டிலில் கால் நீட்ட இடமில்லாமல் படுத்தாள்.

மருத்துவமனையின் பின்பக்கம், எக்ஸ்ரே அறைக்கு அடுத்து அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். நுண்ணோக்கி, சின்ன பம்ப், ரத்தக்குழாய் போலச் சுவருக்குப் பூச்சுப் பூசிய கண்ணாடித் தடம். ரத்தத்திலிருந்து பிரித்த அணுக்களைப் பம்ப் அந்தத் தடத்தில் ஓட விடும். எத்தனை மாட்டுகின்றன, எத்தனை உருண்டு ஓடுகின்றன என்று அவள் எண்ண வேண்டும். முதலில் மூடி போடாமல், பிறகு முப்பத்தெட்டைச் சேர்த்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவளுடைய மூன்று வருடம்.

நோயாளிகளோடு ஒப்பிட நோயில்லாதவர்களும் வேண்டும். அதற்கு அப்துல் ஜப்பார் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. இருபது வருடத்துக்கு மேல் சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு, போன வருடம் ஒரேயடியாகத் திரும்பி வந்தவர். வந்ததிலிருந்து செய்ய வேலை இல்லை, ஆனால் ஒரு ஆம்னி வேன் இருந்தது. மருத்துவமனையின் அனுமதிக்குழு எல்லாம் பார்த்து ஒப்புதல் தந்த மறுநாளே, "ஆள்தானே புள்ள வேணும்? நான் கொண்டு வருதேன்" என்று பக்கத்து வீட்டு எலக்ட்ரிக் கடை குற்றாலிங்கம், தன் பால்ய சிநேகிதர் கிதிர் முகம்மது என்று மொத்தம் ஆறு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அவரும் அந்த ஆறில் ஒருவர்.

"வெறும் வயித்தோட வரணும்" என்று சாஜிதா ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். "காபி கூடக் கூடாது. காய்ச்சல், மாத்திரை, ஓட்டம், வெயிட் தூக்குறது, எது இருந்தாலும் முன்னாடியே சொல்லிரணும்."

"எங்கள பாத்தா ஓடுத ஆளு மாதிரியா தெரியுது?" என்றார் கிதிர் முகம்மது. அவருடைய வயிறு அதற்குப் பதில் சொன்னது.

மே மாதம் முழுக்க முடிவுகள் பாடப்புத்தகம் மாதிரி வந்தன. மூடி போடாதபோது அணுக்கள் சுவரில் மாட்டி மாட்டி உருண்டன. முப்பத்தெட்டைச் சேர்த்ததும் பிடி விட்டு ஓடின. நாகபூஷணா கட்டைவிரல் படம் அனுப்பினார். அவர் கட்டைவிரல் அனுப்புவது அபூர்வம்.

ஜூன் பிறந்தது. மலையில் மேகம் இறங்கி, ஊரெல்லாம் சாரல் அடித்து, தென்காசி ரோட்டில் கேரள வண்டியும் மதுரை வண்டியும் நெருக்கித் தள்ள ஆரம்பித்தன. முப்பத்தெட்டு வேலை செய்வதை நிறுத்தியது.

நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. நன்றாக இருக்கிற ஆறு பேரின் ரத்தம்தான் மக்கர் பண்ணியது. மூடி போடாத போதே அவர்களுடைய அணுக்கள் சுவரில் மாட்டவில்லை. மாட்டாத அணுவுக்கு மூடி போட்டு என்ன ஆகப்போகிறது? சேர்த்தாலும் ஒன்று, சேர்க்காவிட்டாலும் ஒன்று. தன் கண்ணே தவறோ என்று இரண்டாம் தடவை எண்ணினாள். மூன்றாம் தடவை எண்ணினாள். கொக்கிகளைச் சாயம் போட்டுப் பார்த்தபோது விஷயம் இன்னும் மோசமாகத் தெரிந்தது. அணுக்கள் கொக்கியை உதிர்த்துவிட்டு மொட்டையாக இருந்தன.

"கரடுமுரடாகக் கையாண்டால் அப்படித்தான் உதிரும்" என்றார் நாகபூஷணா வீடியோவில். அவருக்குப் பின்னால் பெங்களூர் ஆய்வகத்தின் வெள்ளைச் சுவர் சுத்தமாக இருந்தது. "குழாயைக் குலுக்கியிருப்பாய். மெல்லிய ஊசி போட்டிருப்பாய். அங்கே என்ன நடக்கிறது சாஜிதா?"

"நான் எதையும் குலுக்கல சார்."

"அப்படியென்றால் மே மாத முடிவே தவறு, ஆப்டமர் தேறவில்லை. இரண்டில் ஒன்றுதான்."

ஜூலைக் கடைசியில் கூட்டம். புனேயில் இன்னொருவர் செய்த வேறொரு மூடியும் போட்டியில் இருந்தது. இரண்டில் ஒன்றுதான் எலிச் சோதனைக்குப் போகும். மற்றது உறைபெட்டியின் அடித்தட்டுக்குப் போகும். அங்கே போனதை யாரும் திரும்ப எடுத்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை. நோயில்லாதவர்களின் ரத்தத்தில் மே மாத முடிவை மறுபடியும் காட்ட முடியாவிட்டால் போகப்போவது முப்பத்தெட்டு.

அன்றிலிருந்து சாஜிதா எதையெல்லாம் சந்தேகப்பட்டாள் என்பதற்கு அளவில்லை. ரத்தம் எடுக்கும் அறைக்கும் அவளுடைய அறைக்கும் நடுவில் இரண்டு படிக்கட்டு. பெட்டியைப் பச்சைப்பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினாள். வார்டு ஆயா வழிவிட்டு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தாள். ஊசியை மாற்றினாள். குழாயை மாற்றினாள். மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது என்று குற்றாலிங்கத்திடம் சொல்லி ஸ்டெபிலைசர் வைத்தாள். சாரல் ஈரம் கண்ணாடியில் படிகிறதோ என்று அறையை அடைத்துப் போட்டு வேர்த்து வழிந்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

ரத்தம் எடுக்கிற முத்துசெல்விக்கு வேறு குறை இருந்தது. "ஒங்க மாமா கூட்டிட்டு வாரவிய கை பூரா எண்ணெய் மேடம். பஞ்சு வச்சா பஞ்சு வழுக்குது, பட்டை கட்டுனா பட்டை வழுக்குது. தலைக்குத் தேய்க்க எண்ணெய எதுக்குக் கையெல்லாம் வழிய விடுதாவ?"

"தொடச்சுட்டு எடுங்க அக்கா."

"தொடைக்கத்தான செய்யுதேன். ஆறு பேருக்கும் தொடச்சுட்டு வீட்டுக்குப் போயி என் கைய மோந்து பாத்தா எண்ணெய்ச் செக்குல வேலை பாத்த மாதிரி இருக்கு."

சாஜிதாவுக்கு எண்ணெயைப் பற்றி யோசிக்க நேரமில்லை. அவள் தலைக்குள் மெக்னீசியம் ஓடிக்கொண்டிருந்தது. ஆப்டமர் சரியாக மடிய உப்புக் கரைசலில் மெக்னீசியமும் பொட்டாசியமும் சரியான அளவில் இருக்க வேண்டும். ஒரு புதன்கிழமை புதுக் கரைசல் போட்டாள். வெளியே விடாமல் கனமழை. அன்றைக்கும் மறுநாளும் ஆறு பேரின் ரத்தமும் மே மாதத்தைப் போல நடந்துகொண்டது. அணுக்கள் மாட்டின, முப்பத்தெட்டைச் சேர்த்ததும் விட்டன. கரைசல்தான் என்று முடிவு கட்டி, சந்தோஷத்தில் முத்துசெல்விக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். மழை விட்டது. இரண்டு நாள் கழித்து அதே கரைசல், அதே ஆறு பேர். அணுக்கள் மொட்டை.

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. அம்மா போனில், "ஏன் வரல?" என்றாள். "பசிக்கல" என்றாள். "ரத்த டெஸ்ட் எடுக்கதுக்கு இம்புட்டுக் கவலையா" என்று அம்மா சொன்னபோது போனை வைத்துவிட்டாள்.

ஜூலை மூன்றாம் வாரம், ஏழரை மணிக்கு வர வேண்டிய வேன் எட்டு மணி ஆகியும் வரவில்லை. முத்துசெல்வி ஊசிகளை அடுக்கிவைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாஜிதா மாமாவைக் கூப்பிட்டாள். மாமா எடுத்ததும் காதே அடைத்துப்போகிற மாதிரி ஒரு இரைச்சல்.

"மாமா? என்ன சத்தம் அது? வண்டி எங்க நிக்கி?"

"இங்கனதான் புள்ள, பழைய குற்றாலத்துல. அஞ்சு நிமிசம். தண்ணி இன்னைக்கு அருமையா விழுது. குற்றாலிங்கத்த வெளிய இழுக்க முடியல."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"அருவியிலதான். பயப்படாத, பச்சத் தண்ணி பல்லுல படல. எல்லாரும் வெறும் வயித்தோடதான் இருக்கோம்."

சாஜிதா போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எக்ஸ்ரே அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரைச்சல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"மாமா," என்றாள் மெதுவாக. "தெனமும் குளிச்சுட்டுத்தான் வாரீங்களா?"

"பின்ன? காலங்காத்தால சாப்பிடாம கெளம்பி வரச் சொல்லுத. சீசன் நேரத்துல வெறும் வயித்தோட வீட்டுல உக்காந்துக்கிட்டு எவன் இருப்பான்? எண்ணெயத் தேச்சு, அருவியில நின்னு, அப்படியே ஒங்கிட்ட வந்து ரத்தத்தக் குடுத்துட்டு, அங்கருந்து நேரா புரோட்டாக் கடை. ஒரு நாள் தப்புனது கிடையாது. தடை போட்ட அன்னைக்கு மட்டுந்தான் சும்மா வந்தோம்."

தடை. வெள்ளம் வந்து போலீஸ் அருவிகளில் குளிக்க விடாமல் கயிறு கட்டிய அந்த இரண்டு நாள். கரைசல் நல்லதாக இருந்த அந்த இரண்டு நாள். மே மாதம் முழுக்க அருவிகள் பாறையாகக் கிடந்தன. அப்போது குளிக்க ஆளும் இல்லை, தண்ணீரும் இல்லை. மூட்டு வீங்கிய நோயாளிகள் எந்த மாதமும் அருவிக்குப் போவதில்லை.

முதலில் அவளுக்குக் கோபம் மாமா மேல் வந்தது. அது நிற்க இடமில்லாமல் தன் மேலேயே திரும்பியது. ஓடினீர்களா என்று கேட்டாள், எடை தூக்கினீர்களா என்று கேட்டாள். அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற குளிர்ந்த தண்ணீரைத் தோளிலும் முதுகிலும் அரை மணி நேரம் வாங்குகிறீர்களா என்று கேட்கவில்லை. ஸ்வீடனில் ஒரு ஆராய்ச்சியாளர் அப்படிச் செய்துவிட்டு வந்து ரத்தம் கொடுத்திருந்தால் அது ஒரு கட்டுரையாகியிருக்கும். இங்கே அது குளியல். யாரும் குளியலைச் சொல்வதில்லை. இந்த ஊரில் பிறந்த அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. குளிரோ, அடியோ, அந்த நேரத்தில் உடம்பில் ஏறுகிற அட்ரீனலினோ, மூன்றும் சேர்ந்தோ, ஏதோ ஒன்று அணுக்களை உசுப்பிவிட்டுக் கொக்கிகளை உதிர வைத்திருக்க வேண்டும். எது என்று அவளுக்குத் தெரியாது. இப்போதைக்கு அது உண்மைதானா என்பதே தெரியாது.

"எண்ணெய்னு ஒரு மாசமா சொன்னீங்களே அக்கா, அருவின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நல்லாருக்கே," என்றாள் முத்துசெல்வி. "அணுவுக்கு அருவி ஆவாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நானே போன ஞாயித்துக்கெழம ஐந்தருவி போயிட்டு வந்தேன். எனக்கு ஒண்ணும் உதிரலயே."

மறுநாள் வீட்டு முன்னறையில் ஆறு பேரையும் உட்கார வைத்து சாஜிதா பேசினாள். மூன்று நாள், ஒரே மூன்று நாள், அருவிப் பக்கமே போகக்கூடாது. வீட்டில் வெந்நீர்தான். அதன் பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டால் போதும். அம்மா டீ கொடுத்தாள். யாரும் டீயைத் தொடவில்லை.

"சாரல் அடிக்கி. தண்ணி விழுது. வெந்நியில குளிக்கணும்" என்று குற்றாலிங்கம் ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பச் சொன்னார். சரியாகக் கேட்டுக்கொண்டோமா என்று சோதிப்பது போல.

"இதுல என்ன வே கஷ்டம்? புள்ள மூணு வருசமா பாடுபட்டிருக்கா" என்றார் கிதிர் முகம்மது.

"நீரு பேசுவீரு. ரெண்டு நிமிசத்துல வெடவெடன்னு நடுங்கி வெளிய ஓடுத ஆளு" என்றார் குற்றாலிங்கம்.

ஜப்பார் மாமா ஆறுகிற டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். சாஜிதா அவரைப் பார்த்தாள்.

"நான் அங்க இருக்கையில," என்றார் மாமா, "ஜூன் மாசம் வெளிய அம்பது டிகிரி இருக்கும். ஊர்லேருந்து ஒவ்வொருத்தனும் அருவியில நிக்க வீடியோவா அனுப்புவான். பாத்துட்டு, கொதிக்க பைப்புத் தண்ணியில குளிச்சுட்டு வேலைக்குப் போவேன். அனுப்புத பயலுவள எல்லாம் பிளாக் பண்ணி வச்சிருந்தேன். இப்பதான் ரெண்டாவது சீசன் எனக்கு. நீ என்னடான்னா வந்து கயிறு கட்டுத."

"மூணு நாள்தான் மாமா. நீங்க மாட்டேன்னா இந்த வேலையோட கதை முடிஞ்சுது."

"மாட்டேன்னு யாரு சொன்னா? காலையில போவல. போதுமா?"

போதும் என்றாள். அந்த வாக்கை அவள் இன்னும் கொஞ்சம் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

இந்தத் தடவை யாருடைய ரத்தம் எது என்று தனக்கே தெரியக்கூடாது என்று முடிவு செய்தாள். ஆசைப்பட்டதைக் கண் பார்த்துவிடும். முத்துசெல்வி பெயரை எடுத்துவிட்டு, ஒன்றிலிருந்து ஆறு வரை தன் விருப்பத்துக்கு எண் ஒட்டி அனுப்பினாள். சாஜிதா முப்பத்தெட்டைச் சூடாக்கி, ஆற விட்டு, மடிய வைத்தாள். பம்ப்பை ஓட விட்டாள். முதல் குழாய், அணுக்கள் மாட்டின. மூடி போட்டதும் விட்டன. இரண்டாவது அப்படியே. மூன்றாவது அப்படியே.

நாலாவது குழாயில் அணுக்கள் மொட்டை.

மறுபடி ஓட்டினாள். மொட்டைதான். ஐந்தும் ஆறும் மே மாதத்தைப் போலவே அழகாக நடந்துகொண்டன. நாலு மட்டும் ஒரு கொக்கிகூட இல்லாதது போல வழுக்கிக்கொண்டு ஓடியது. குளிக்காத மனிதனின் அணுவும் உதிர்த்திருக்கிறது என்றால் அருவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாகபூஷணா சொன்ன இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். அவளுடைய கை, இல்லாவிட்டால் அவளுடைய ஆப்டமர். கூட்டத்துக்கு நாலு நாள் இருந்தது. நாற்காலியில் சாய்ந்து, ஏசியிலிருந்து வாளியில் சொட்டுகிற தண்ணீரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஊருக்கு வராமலேயே இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். பிறகு, வந்தாலும் சொந்தக்காரர்களை வைத்து ஆராய்ச்சி பண்ணாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பில்தான் ஏதோ தட்டியது.

எழுந்து முத்துசெல்வியிடம் போனாள். "அக்கா, நாலு யாரு?"

முத்துசெல்வி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "யாரா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மாமா வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, அருவிக்குப் போனீங்களா?"

"காலையில போவலன்னு சொன்னேம்லா. மூணு நாளா காலையில வீட்ட விட்டு எறங்கல. வேணும்னா மாமிட்ட கேளு."

"சாயங்காலம்?"

மாமா துணியைப் பிழிந்தார். பிழிந்த துணியை உதறினார். உதறிய துணியை மறுபடி பிழிந்தார்.

"நேத்து?"

"நேத்தும் போனேன், முந்தா நாளும் போனேன். நேத்து நடுச் சாமம் வரைக்கும்லா நின்னேன், கூட்டமே இல்ல." பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "எவன் சொன்னான் ஒனக்கு? கிதிரா?"

"யாரும் சொல்லல."

"பின்ன எப்படித் தெரியும்?"

"ஒங்க ரத்தம் சொல்லிச்சு மாமா."

அப்துல் ஜப்பார் தன் முழங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். தம்மாமில் இருந்தபோது கூட ஒருத்தனும் தன்னை இப்படிக் காட்டிக்கொடுத்ததில்லை என்பது போல இருந்தது அவர் முகம். "எம் ரத்தமும் ஒங்க அம்மா பக்கந்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி வேனைத் துடைக்கப் போனார்.

நாகபூஷணாவிடம் அன்று மதியமே சொன்னாள். அருவி என்றதும் அவர் நெற்றியைத் தேய்த்தார். எண்ணெய் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். பெயரில்லாத நாலாம் குழாயை அவள் சொன்ன இடத்தில்தான் கண்ணைத் திறந்தார்.

"யார் என்று தெரியாமலேயே, குளித்தவரைப் பிரித்தெடுத்தாயா?"

"ஆமா சார்."

"அவர் ஒப்புக்கொண்டாரா?"

"என்மேல கோவமா இருக்காரு."

நாகபூஷணா பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு, அந்த ஐந்து பேரின் படங்களையும் அனுப்பு, நாலாமவருடையதைத் தனியாக அனுப்பு, குளிக்காத இன்னொரு நாள் அவருடைய ரத்தத்தையும் எடுத்து அனுப்பு என்றார். மாமாவை இரண்டு நாள் அம்மா தன் வீட்டிலேயே, தன் கண் முன்னால் உட்கார வைத்தாள். அவருடைய ரத்தமும் மற்ற ஐந்து பேருடையதைப் போலவே ஒட்டியது. முப்பத்தெட்டைப் போட்டதும் விட்டது. மாதக் கடைசிக் கூட்டம் நாலு மணி நேரம் நடந்தது. முப்பத்தெட்டு எலிக்குப் போகும் என்று நாகபூஷணா குறுஞ்செய்தி அனுப்பினார். அம்மாவிடம் சொன்னாள். "எலிக்கா? எலிக்கு எதுக்குட்டி மூட்டு வலி மருந்து?" என்றாள் அம்மா. சாஜிதா விளக்கவில்லை. அன்று மட்டும் அவளுக்கு எரிச்சலே வரவில்லை.

மறுநாள் நாகபூஷணா கூப்பிட்டார். கூட்டத்தில் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள். மொட்டை அணுக்களை வெறுமே தள்ளிவிட முடியாது, காரணத்தைக் காட்ட வேண்டும். அதே ஆறு பேர், குளித்த நாள் ரத்தம், குளிக்காத நாள் ரத்தம், மாற்றி மாற்றி, சீசன் முடிகிற வரை. தேவைப்பட்டால் அடுத்த சீசனும். "அதுவரை நீ அங்கேயே இருப்பதுதான் நல்லது" என்றார். "நீ அந்த ஊர்தானே."

அவள் தலையை ஆட்டினாள். வீடியோ நின்ற பிறகு, கால் நீட்ட முடியாத அந்தக் கட்டிலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் மறுபடி முன்னறையில் ஆறு பேர், டீ. செவ்வாயும் சனியும் குளிக்க வேண்டும், மற்ற நாள் கூடாது என்றாள். சிரிப்பும் சந்தோஷமுமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"செவ்வாக்கெழமயா?" என்றார் குற்றாலிங்கம். "கடைக்கு லோடு வார நாளுல்லா."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்றார் மாமா. இன்னும் முறைப்பாகத்தான் இருந்தார்.

"பதினஞ்சு நிமிசம். எல்லாரும் ஒரே அளவு நிக்கணும். அப்பதான் ஒப்பிட முடியும்."

"பதினஞ்சு நிமிசத்துக்குப் பேரு குளியலா? அதுக்கு வீட்டுல பைப்பத் தொறந்து விட்டுக்கிடலாமே."

"சரி, இருபது."

"என்னால இருபது முடியாது," என்றார் கிதிர் முகம்மது. "எனக்கு அஞ்சு தாண்டுனா பல்லு அடிக்கும்."

"பத்து?"

"பத்து நிமிசம் குளிச்சுட்டு வந்தேன்னு ஊருக்குள்ள எவன்ட்டயும் சொல்லிராத. மானம் போயிரும்" என்றார் மாமா.

முக்கால் மணி நேரம் போனது. டீ ஆறி, அம்மா இரண்டாவது டீ போட்டாள். கடைசியில் பன்னிரண்டு என்று நின்றது. பன்னிரண்டு நிமிடம் ஆனதும் மாமாவை யார் அருவியிலிருந்து வெளியே கொண்டுவருவது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. ஆண்கள் குளிக்கிற பக்கம் சாஜிதா போய் நிற்க முடியாது. போனாலும் அந்த இரைச்சலில் அவள் குரல் கேட்காது.

அன்றே கடைத்தெருவுக்குப் போய், போலீஸ்காரர்கள் அருவியில் ஊதுகிற மாதிரி உரத்த விசில் ஒன்று வாங்கினாள். கிதிர் முகம்மதுவின் கையில் கொடுத்தாள். எப்படியும் அவர்தான் முதலில் நடுங்கிக்கொண்டு வெளியே வருவார்.